பொர்ரா குகைக்கு ‘கண்ணாடி ரயில்’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

பொங்கல் விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போயிருந்தோம். நான், மனைவி, பையன், அம்மா. பீச் ரோட்டில் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டிராவல்ஸ் கடை. ஒரே நாளில் பொர்ரா குகையும் அரக்குப் பள்ளத்தாக்கும். போகும்போது கண்ணாடிக் கூரை வைத்த விஸ்டாடோம் ரயில் பெட்டி, திரும்பும்போது வேன், நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,200 ரூபாய் என்றார் கடைக்காரர். அம்மாவுக்கு மூட்டுவலி, குகையில் படி உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார், சமதளம்தான்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். தமிழ் பேசுகிறாரே என்று நம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு வேன் வந்தது. ஸ்டேஷனுக்குத்தான் போகிறது என்று நினைத்து ஏறினால், ஊரெல்லாம் சுற்றி இன்னும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நேரே மலைப்பாதைக்குத் திரும்பியது. எஸ்.கோட்டா தாண்டும்போது கேட்டேன். டிக்கெட் கன்ஃபார்ம் ஆகவில்லையாம். மிச்சப் பணம்? "ஆபீஸ்ல பேசிக்குங்க." அந்த ரயிலுக்காகத்தான் பையன் இரவெல்லாம் தூங்காமல் இருந்தான். சத்தீஸ்கரின் பைலடிலா மலை இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர அறுபதுகளில் போட்ட கிரந்துல் பாதை அது, மலையைக் குடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். எங்களுக்குக் கிடைத்ததோ ஏசி வேலை செய்யாத வேனும், வழியில் முந்திரிக் கடை, காபித்தூள் கடை என்று இரண்டு கட்டாய நிறுத்தங்களும்.

குகை வாசலில் இறக்கிவிட்டு "நாற்பது நிமிஷம்" என்றார் டிரைவர். நுழைவுச்சீட்டு பேக்கேஜில் இல்லையாம், வரிசையில் நின்று நாங்களே வாங்கினோம், அதிலேயே கால் மணி நேரம் போனது. சமதளம் என்றாரே, வாசலிலிருந்தே ஈரப் படிகள் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன. அம்மா பத்துப் படியோடு திரும்பி மேலே போய் உட்கார்ந்துவிட்டார், கையிலிருந்த பிஸ்கட் பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது தனிக்கதை.

குகையைக் குறை சொல்லவே முடியாது. மேலே ஒரு திறப்பு வழியே வெளிச்சம் கொட்டுகிறது, உள்ளே போகப் போக கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களும் தரையிலிருந்து எழும்பி அவற்றைத் தொடப் பார்க்கும் தூண்களும். மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப்போனது அத்தனையும். நின்று பார்க்கத்தான் விடவில்லை. கூப்பிடாமலேயே டார்ச்சோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு "இது சிவன் பார்வதி, இது காளான்" என்று காட்டிவிட்டு 500 ரூபாய் கேட்டார். 200 கொடுத்தேன். வெளியே வந்தால் கடிகி அருவிக்கு ஜீப், அதுவும் தனிக் காசு. வேண்டாம் என்றோம், போனவர்கள் திரும்பும் வரை வேனிலேயே வெந்தோம். அரக்கு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை, சாப்பாட்டில் ரசம் மட்டும் சூடாக இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். ரசீதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘இருக்கை கிடைப்பதைப் பொறுத்து’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

போகிறவர்கள் ரயில் டிக்கெட்டை நீங்களே ஐஆர்சிடிசியில் போடுங்கள். பொர்ரா குகலு என்று தனி ஸ்டேஷனே இருக்கிறது, கிரந்துல் பாசஞ்சர் காலையில் விசாகப்பட்டினத்திலிருந்து அங்கே போகிறது. பேக்கேஜ்தான் வேண்டும் என்றால், பிஎன்ஆர் எண்ணை வாங்கி உங்கள் போனில் கன்ஃபார்ம் என்று பார்த்த பிறகு காசை எடுங்கள். முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்யும் முன் கடைசியாகப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருப்பது அதே கண்ணாடிப் பெட்டியைத்தான்.