மெர்போக்கா, சுங்கை பத்துவா?

பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கே சென்று, சுங்கைப் பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் இவ்விரண்டு தொல்லியல் இடங்களும் ஒரே திசையில்தான் அமைந்துள்ளன. பெற்றோரும் பிள்ளைகளும் உடன் வந்ததால், ஒன்றையாவது நிதானமாகப் பார்ப்போம் என்று நாங்கள் மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தோம். தொலைவிலோ செலவிலோ பெரிய வேறுபாடு இல்லை.

சுங்கை பத்துவை வேறொரு சமயம், விளக்கிச் சொல்வார் எவருமின்றி, மேலோட்டமாகவே பார்த்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த அக்களத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழல்களும், ஆற்றுத்துறையின் செங்கல் அடித்தளங்களும் கிடைத்துள்ளன. அவற்றின் தொன்மை குறித்து அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவருக்கு அதுவே மேலான இடமாக இருக்கலாம். மற்றவருக்குச் செங்கல் வரிசைகளாகவே தெரியும்.

என் தேர்வுக்குக் காரணம், கண்டெடுத்த பொருளும் கண்டெடுத்த இடமும் மெர்போக்கில் அடுத்தடுத்து இருப்பதே. குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓடையோரமாகச் சற்று மேடேறினால், 8ஆம் எண் களமான புக்கிட் பத்து பகாட் சண்டி (பழங்கோயிலை இங்கே சண்டி என்பர்), கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில் ஆய்ந்த இதனை, மற்றொரு ஆய்வாளரான அலஸ்டேர் லாம்ப் 1959–60இல் சீரமைத்தார். மரத்தாலான மேற்கட்டுமானம் அழிந்து, கல் அடித்தளமும் தூண்களைத் தாங்கிய கற்களுமே எஞ்சியிருந்தாலும், கோயிலுக்குப் போய்ப் பழகிய எவருக்கும் கருவறை எது, மண்டபம் எது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். என் தாயார் பலகையைப் படிக்காமலே கருவறையைச் சுட்டிக்காட்டினார். சீரமைப்பின்போது வெளிப்பட்ட கல் பேழைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் அவ்விடமே வசதியாக இருந்தது. இதை இராசேந்திர சோழன் எழுப்பியதாக நம்மவர் சிலர் கூறுவதுண்டு. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் (இன்றைய கெடாவின்) மீது அவன் நடத்திய படையெடுப்பு உண்மையே எனினும், அதைக் கொண்டு இக்கட்டடத்தைச் சோழர் கணக்கில் எழுதிவிட முடியாது.

வளாகத்திலுள்ள வேறு சில சண்டிகள் பெங்காலான் பூஜாங் முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை என்பது ஒரு குறைதான். ஆற்றங்கரையில் இருந்த கட்டடத்தை மலையடிவாரத்தில் பார்க்கும்போது, அது ஏன் அங்கே கட்டப்பட்டது என்பது புரியாமல் போகிறது. இவ்வகையில் சுங்கை பத்துவே மேல். ஆயினும் 11ஆம் எண் களத்துச் சண்டி, தனியார் நிலத்தில் வீடமைப்புப் பணியின்போது 2013இல் இடிக்கப்பட்டதை எண்ணும்போது, இடம் மாறியேனும் எஞ்சியவற்றைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மெர்போக்கின் ஏற்றம் சிரமம் தரும். மழைக்குப் பின் கற்கள் வழுக்கும். இரண்டையும் பார்க்க நேரமுள்ளவர்கள், வெயில் ஏறுமுன் சுங்கை பத்துவை முடித்துக்கொண்டு, மரநிழல் மிகுந்த மெர்போக்கை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.