பழைய டைமிங் பெல்ட்டைக் கையில் வாங்காமல் பில் கட்டாதீர்கள்

டீசல் காரைப் புதுச்சேரியில் சர்வீஸுக்கு விடுகிற கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு. டைமிங் பெல்ட் (இன்ஜினின் பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பல் வைத்த பெல்ட்) மாற்றியதாகச் சொல்லி என்னிடம் காசு வாங்கிய பட்டறை, அந்தப் பெல்ட்டைத் தொடவே இல்லை. பெல்ட் அறுந்து இன்ஜின் போன பிறகுதான் அது வெளியே வந்தது.

வண்டி ரெனோ டஸ்டர் 1.5 டீசல். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றச் சொல்லித்தான் விட்டேன். இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்பின் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். சாயங்காலம் போனபோது பானெட்டைத் திறந்து பளபளவென்று ஒரு பெல்ட்டைக் காட்டினார்கள். "எல்லாம் புதுசு சார், இனிமே இந்தப் பக்கம் பார்க்கவே வேணாம்" என்றார் மேஸ்திரி. பில்லில் 'பெல்ட் கிட், லேபர்' என்று மொட்டையாக ஒரு வரி. பார்ட் நம்பர் கிடையாது.

தில்லுமுல்லு இங்கேதான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை ஓட்டுகிற வெளி பெல்ட். டைமிங் பெல்ட் கவருக்குள் இருக்கும், கழற்றாமல் தெரியாது. வெளி பெல்ட் மாற்றுவது சின்ன வேலை. டைமிங் பெல்ட்டுக்கு இன்ஜினைத் தாங்கிப்பிடித்து மவுண்ட்டையே கழற்ற வேண்டும். சின்ன வேலையைச் செய்துவிட்டுப் பெரிய வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டார்கள்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பட்டென்று நின்றது. புகையில்லை, சூடேறவில்லை. பெல்ட் அறுந்த இன்ஜினில் செல்ஃப் அடித்தால் வழக்கமான இழுவை இல்லாமல் லேசாக விர்ரென்று சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் நின்றுவிட்டது, பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் மட்டும் சுற்றுகிறது; திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் வந்து இடிக்கும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம், மேலே இடைவெளி மிகக் குறைவு. எனக்கு வால்வுகள் வளைந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பெல்ட் மாற்றும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பட்டறைக்குப் போன் செய்தால், "ஓவர் ஸ்பீடுல ஓட்டியிருப்பீங்க சார்" என்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்னொரு மெக்கானிக்கிடம் விட்டு, கவரைத் திறக்கும்போதே வீடியோ எடுத்தேன். உள்ளே இருந்தது கம்பெனியில் போட்டு வந்த பெல்ட். முதுகெல்லாம் வெடிப்பு, பல் வரிசையாக உதிர்ந்திருந்தது. டென்ஷனர், பம்ப் இரண்டும் பழசு. "இந்த போல்ட்டுல ஸ்பேனரே படலைண்ணே" என்றார் அவர்.

அதனால் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: பழைய பெல்ட், டென்ஷனர், பம்ப் எல்லாம் எனக்கு வேண்டும், புதுசின் அட்டைப்பெட்டியும் வேண்டும் என்று. கவர் கழற்றிய நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். பில்லில் பார்ட் நம்பரும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கட்டும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி வேறு; ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். அதில் வருடக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அதிகம் ஓடாத வண்டியிலும் ரப்பர் கெடும். ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டால் கெடுவுக்குக் காத்திருக்கக் கூடாது. எல்லா வண்டியிலும் பெல்ட் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். பழைய ஸ்விஃப்ட் 1.3 டீசலில் இருப்பது செயின். அதற்கு "டைமிங் பெல்ட் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பட்டறை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமா என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பில், வீடியோ, பழைய பெல்ட் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.