போலீஸ் ஏலத்தில் கார் எடுக்கப் போகிறீர்களா? முதலில் சேஸிஸ் எண்ணை எண்ணிப் பாருங்கள்

மதுக்கடத்தல் வழக்குகளில் பிடிபட்ட வாகனங்களுக்குப் பொது ஏலம் என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி வரும். சென்ற ஆண்டு ஆகஸ்டில் அப்படி ஒரு செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இன்று என் வீட்டுக் கொல்லையில் 1,27,960 ரூபாய் விழுங்கிய ஒரு வெள்ளை ஆல்ட்டோ நிற்கிறது. சாவியைத் திருகினால் உடனே கிளம்புகிறது. ஆனால் தெருவில் இறக்க முடியாது, ஏனென்றால் காகிதத்தில் அது இன்னும் என் கார் இல்லை.

எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. பாதித் தவறு என்னுடையது.

ஏலத்துக்கு முந்தைய நாள் வண்டிகளைப் பார்க்க விட்டார்கள். ஆயுதப்படை மைதானத்தின் ஓரத்தில் பைக்குகள்தான் அதிகம். நான்கைந்து ஆட்டோக்கள், ஆறேழு கார்கள். இந்த ஆல்ட்டோ 2014 மாடல், புதுச்சேரிப் பதிவு எண். நான்கு டயரும் தரையோடு படிந்து, முன் பம்பருக்குள் ஓணான்கொடி ஏறியிருந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். பின் சீட்டைத் தூக்கினால் கீழே தகரத்தை வெல்டிங் வைத்து ஒரு பெட்டி. புட்டிகள் அடுக்கி வந்த இடம் அது. மூலையில் ‘புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட லேபிள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, ஒயரிங்கை எலி கடித்திருந்தது, இன்ஜின் கம்ப்யூட்டரையும் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். மெக்கானிக் ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்ஜின் சாகவில்லை சார், எடுக்கலாம்” என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றோம். உள்ளே தகட்டில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணை மட்டும் இருவருமே குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் 5,000 ரூபாய் முன்பணமும் ஆதார் நகலும் கொடுத்து டோக்கன் வாங்கினேன். வேப்பமரத்தடியில் ஐந்து பேர் கூட்டமாக நின்றார்கள். காயலான் கடைக்காரர்கள் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. என் ஆல்ட்டோ 30,000இல் தொடங்கியது. நான் ஆயிரம் ஏற்றினால் அவர்களில் ஒருவர் ஆயிரம் ஏற்றுவார். அவர் ஓய்ந்தால் அடுத்தவர். 62,000 என்று நான் சொன்னதும் ஐவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லோரையும் விஞ்சிவிட்டதாக நினைத்துப் பெருமைப்பட்டேன். புதிதாக வருபவனை ஏற்றிவிட்டு ஒதுங்குவதும், தங்களுக்குள் பேசிவைத்து அடிமாட்டு விலைக்கு எடுத்துப் பிறகு பங்கு பிரித்துக்கொள்வதும் அவர்களுக்குத் தொழில் என்பது பிறகுதான் தெரிந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி 11,160 சேர்த்து 73,160 ரூபாயை அன்றே கட்டச் சொன்னார்கள்.

கட்டிவிட்டு வெளியே வரும்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு ஃபைல், காதில் செருகிய பேனா. உள்ளே இருந்த எழுத்தர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அதில் மயங்கினேன். “தம்பி, ஏலம் எடுப்பது பெரிய விஷயம் இல்லை. பெயர் மாற்றுவதுதான் விஷயம். பதினைந்தாயிரம் கொடுங்கள், 20 நாளில் உங்கள் பெயரில் ஆர்சி வீட்டுக்கு வரும்.” ரசீது கேட்டேன். “இதற்கெல்லாம் யார் ரசீது தருவார்கள்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் அதிகம் எரிகிறது.

இருபது நாளில் ஆர்சி வரவில்லை; ஐந்தாவது வாரத்தில் அவருடைய எண்ணும் அணைந்துவிட்டது. விற்பனை ஆணையை எடுத்துக்கொண்டு நானே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்ற வழக்கமாகக் கொடுக்கும் 29, 30 படிவங்கள் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57ஆவது விதியின்படி படிவம் 32 என்று தனியாக ஒன்று உண்டு. வண்டியைக் கையில் வாங்கிய 30 நாள்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். கூடவே விற்பனையை உறுதிசெய்யும் ஆணையும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலும் வேண்டும். இரண்டாவது காகிதம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அங்கே கவுன்டரில் நின்றபோதுதான் தெரிந்தது. அந்த 30 நாளைத் தரகரை நம்பியே கழித்திருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி அடுத்தது. ஆணையை வாங்கிய அலுவலர் பேனா முனையால் சேஸிஸ் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்து, “சார், இதில் 16தான் இருக்கிறது. 17 இருக்க வேண்டும்” என்றார்.

அடுத்தடுத்து வரும் இரண்டு பூஜ்யங்களில் ஒன்றைக் காணோம். ஏலம் நடத்திய அலுவலகத்துக்கு ஓடினேன். விற்பனை ஆணை, மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து அடிக்கப்பட்டது, அதிலும் 16. மதிப்பீட்டு அறிக்கை, வண்டியைப் பிடித்த அன்று எழுதிய மகஜரைப் பார்த்து எழுதப்பட்டது, அதிலும் 16. நள்ளிரவில் சோதனைச் சாவடியில் டார்ச் வெளிச்சத்தில் யாரோ ஒருவர் விட்ட பூஜ்யம், எந்த மேசையிலும் யாரும் காரின் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திருத்தித் தர ஏழு மாதம் ஆனது. ஃபைல் காவல் நிலையத்தில் இருக்கிறது என்பார்கள். அங்கே போனால் மேலே அனுப்பியாயிற்று என்பார்கள். நடுவில் எழுத்தருக்கு மாற்றல். தகட்டின் மேல் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை நான்கு முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் “வைத்துவிட்டுப் போங்கள்” என்றார்கள்.

திருத்திய ஆணையோடு போனபோது இன்னொன்று எழுந்தது: முதல் உரிமையாளர் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன் பதிவில் இன்னும் அடைபடாமல் இருக்கிறது. அதை நீக்க வேண்டும், புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், பிறகு தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். இத்தனைக்கும் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் கடன் இருக்கிறதா, காப்பீடு எப்போது முடிந்தது, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. செயலி அன்றும் என் கைப்பேசியில் இருந்தது.

வழியில் போன மற்ற செலவையும் சொல்லிவிடுகிறேன்: இழுவை வண்டிக்கு 4,500, தரகருக்கு 15,000, ஒயரிங்குக்கு 9,000, பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 8,500, பேட்டரிக்கு 4,200, டயர்களுக்கு 13,600. என் மைத்துனர் அதே மாதத்தில் ஒரு ஆசிரியரிடமிருந்து அதே ஆண்டு ஆல்ட்டோவை ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு வாங்கி இரண்டு முறை திருப்பதி போய்வந்துவிட்டார்.

அரசுத் துறைகள் கழிக்கும் ஜீப்பும் பொலிரோவும் மலிவாகக் கிடைக்குமே என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்பு மையங்களுக்குப் போக வேண்டியவை. “ஓட்டலாம்” என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் பதிவு முடியும் தேதியைக் கேளுங்கள்.

போலீஸ் ஏலத்துக்குத்தான் போவேன் என்றால், பார்வையிடும் நாளில் பானெட்டைத் திறந்து சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுங்கள். பணம் கட்டியதும் ஆணையில் உள்ளதை அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, 17 என்று எண்ணிய பிறகே மைதானத்தை விட்டு வெளியே வாருங்கள். ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அந்த எண்ணில் வரவே வராது; இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். விற்பது ஓட்டுவதற்கா, உடைப்பதற்கா என்பதை ஏலம் தொடங்கும் முன்பே கேளுங்கள். வெளிமாநில எண் என்றால் என் ஆலோசனை, தொடாதீர்கள் என்பதுதான்.

இந்த ஏப்ரலில் அந்த வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடி இன்னொரு ஏலத்துக்குப் போனேன். வேப்பமரத்தடி ஐவரில் மூவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டீயை வைத்துவிட்டு, “என்ன தம்பி, ஆர்சி வந்துவிட்டதா?” என்று கொஞ்சமும் கூசாமல் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ரசீது இருக்கிறதா?” என்றார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு ஏற்புச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது. அந்த மூவரில் ஒருவர் நேற்று வீடு தேடி வந்து, எடைக்குப் போட்டுக் காருக்கு 24,000 தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.