பத்து வயதில் சொந்தமாக ஒரு பாஸ்புக்: தபால் ஆபீஸ் கணக்கு, ஒன்றரை வருட அனுபவம்

2024 ஜூன் மாதம், மகளுக்குப் பத்து வயது முடிந்த கையோடு, அவள் பெயரிலேயே அவள் கையெழுத்திலேயே தபால் ஆபீஸில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். பிள்ளைக்குக் காசு அருமை தெரியட்டும் என்று நாங்கள் செய்து பார்த்ததிலேயே உருப்படியாகப் பலன் கொடுத்தது இதுதான். குறையும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் ஏன் இந்த யோசனை வந்தது என்று சொல்ல வேண்டும். என் அம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் சிறுவாடு சேர்த்தவர். மாசக் கடைசியில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவர் முகம் போகிற போக்கை வைத்தே வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சஞ்சாயிகா என்று மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது, வீட்டில் மண் உண்டியல் இருந்தது, காசு என்பது எடுத்தால் குறைகிற பொருள் என்று கண்ணால் பார்த்தே வளர்ந்தோம். என் மகள் பார்த்தது வேறு. நான் கடையில் போனை நீட்டுகிறேன், ஒரு சத்தம் வருகிறது, சாமான் பைக்குள் வந்துவிடுகிறது. ஒருமுறை "கையில காசு இல்லடா" என்று சொன்னதற்கு, "காசு இல்லைன்னா ஜிபே பண்ணும்மா" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அடம்பிடித்துச் சொன்னதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஒரு ஆப்பில் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். அப்பா பணம் போடுவார், பையன் செலவழிப்பான், எல்லாம் போனில் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் சுரண்டிப் பார்க்க ஒரு பரிசு அட்டை, நாணயம், தள்ளுபடி என்று வந்துகொண்டே இருக்க, அவனுக்குச் செலவழிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. இரண்டு மாதத்தில் 2,400 ரூபாய் ஒரு போன் விளையாட்டுக்கே போயிருந்தது. எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், கொஞ்சம் மெதுவான வழியாக இருந்தால் தேவலை என்று தோன்றியது.

சரி, கணக்குக்கு வருகிறேன். தபால் ஆபீஸில் பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே போடவும் எடுக்கவும் முடியும். தொடங்க 500 ரூபாய். அதற்குப் பிறகு பத்து ரூபாய்கூடப் போடலாம், எடுப்பது என்றால் குறைந்தது 50. கணக்கில் எப்போதும் 500 இருக்க வேண்டும். வட்டி வருடத்துக்கு 4 சதவீதம். நாங்கள் கொண்டுபோனது பிறப்புச் சான்றிதழ், அவள் ஆதார் நகல், போட்டோ, கூடவே என்னுடைய அடையாள நகல்கள். எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். தொடக்கப் பணமாக அவள் தாத்தா பிறந்தநாளுக்குக் கொடுத்த 500 ரூபாய்த் தாளையே கட்டச் சொன்னேன். என் பையிலிருந்து ஒரு ரூபாயும் போடவில்லை, வேண்டுமென்றேதான். அவள் காசு என்றால் அது முழுக்க அவள் காசாக இருக்க வேண்டும்.

நான் மனதாரப் பாராட்டுவது அந்தச் சலானைத்தான். பணம் போட ஒன்று, எடுக்க ஒன்று. கணக்கு எண், தேதி, தொகை எண்ணில், தொகை எழுத்தில், கையெழுத்து. நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவைப் பிடித்து, குதிகாலை உயர்த்தி நின்று, "எழுநூற்று ஐம்பது ரூபாய் மட்டும்" என்று அவள் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 'எழுநூற்று' என்பதற்கு என்ன எழுத்து என்று யோசித்து நிற்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதில்தான் 750 என்பது எவ்வளவு பெரிய தொகை என்று அவளுக்குப் புரிகிறது. முதல்முறை எடுக்கப் போனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை. கணக்குத் தொடங்கிய அன்று பெயரை நீட்டி எழுதியவள், அன்றைக்கு ஸ்டைலாகச் சுழித்துவிட்டாள். கவுண்டரில் இருந்த அம்மா பழைய கையெழுத்தைக் காட்டி, "பாப்பா, உன் பணத்துக்கு இதுதான் சாவி, இதை மாத்தக் கூடாது" என்று பொறுமையாகச் சொல்லி இன்னொரு சலான் கொடுத்தார். கையெழுத்து என்றால் என்ன என்று நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு இறங்கியிருக்காது.

அடுத்தது வட்டி கணக்கிடுகிற விதம். பெரியவர்களிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள நாட்களில் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. 10-ஆம் தேதிக்குள் போட்ட பணத்துக்கு அந்த மாதமே வட்டி உண்டு, 12-ஆம் தேதி போட்டால் அடுத்த மாதத்திலிருந்துதான். இடையில் எடுத்தால் எடுத்த பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. வருடம் முடியும்போது மொத்தமாகக் கணக்கில் ஏற்றுவார்கள். இந்த விதியை ஒரு தாளில் எழுதி பாஸ்புக் உறைக்குள் வைத்திருக்கிறாள். தீபாவளிக் காசு, பொங்கலுக்குப் பெரியவர்கள் கையில் வைத்த காசு எல்லாம் சேர்ந்து இந்த வருட மார்ச்சில் இருப்பு 3,000 ஆகியிருந்தது. ஏப்ரலில் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கினால் வட்டி 52 ரூபாய் சொச்சம். என் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அவள் வீடு வந்து சேர்கிறவரை அந்த வரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நான் ஒண்ணுமே செய்யலம்மா, அதுவா வந்திருக்கு."

ஜூலையில் நடந்ததைச் சொன்னால்தான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்று புரியும். வகுப்பில் நாலைந்து பேர் கட்டியிருக்கிறார்கள் என்று 800 ரூபாயில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வேண்டும் என்றாள். உன் காசு, நீயே எடுத்து வாங்கிக்கொள் என்றேன். அன்றைக்குத் தேதி 28. பாஸ்புக்கை எடுத்தவள் அந்தத் தாளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது எடுத்தால் இந்த மாதம் 800-க்கு வட்டி கிடைக்காதே என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். 2 ரூபாய் 67 காசு. அந்த 2 ரூபாய் 67 காசுக்காக நாலு நாள் பொறுத்து ஒன்றாம் தேதி எடுப்பதாக முடிவு. நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றாம் தேதி சாயங்காலம் போனோம், வரிசையில் நின்றாள், சலானையும் எழுதிவிட்டாள். அவள் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது சலானை மடித்து பாஸ்புக்குக்குள் வைத்துவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் பாடமாகியிருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் பேட்மிண்டன் அணியில் சேர்த்தபோது, இரண்டு கடை ஏறி இறங்கி விலை கேட்டு, 750 எடுத்து ஒரு ராக்கெட் வாங்கினாள். இன்றுவரை அதை உறையில் போட்டுத்தான் மாட்டுகிறாள். நாங்கள் வாங்கிக் கொடுத்த எதையும் அவள் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

ஏப்ரலில் அங்கேயே ஒரு ஆர்.டி.யும், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற தொடர் வைப்புக் கணக்கும், தொடங்கினோம், அதுவும் அவள் பெயரிலேயே. மாதம் 100 ரூபாய், ஐந்து வருடம், இப்போது வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். மொத்தம் கட்டுவது 6,000, முடிவில் கைக்கு வருவது ஏறக்குறைய 7,136. அவள் பத்தாம் வகுப்பு முடிக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாய் பயமே போதும், தேதியை மறக்காமல் காலண்டரில் வட்டம் போட்டுவிடுகிறாள்.

குறைகள் என்றால், முதலாவது நேரம். கவுண்டர் திறந்திருக்கிற நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஏறக்குறைய ஒன்று. பெரும்பாலும் சனிக்கிழமையை நம்பித்தான் ஓட்ட வேண்டும். வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இது நிஜமாகவே சிரமம், அதை மறைக்க மாட்டேன். இரண்டாவது, 4 சதவீதம் என்பது பெரிய வட்டி கிடையாது. பணத்தைப் பெருக்க இது இடமில்லை, பழக்கத்துக்குத்தான். காசு கொஞ்சம் சேர்ந்ததும் ஆர்.டி.க்கோ வேறு எதற்கோ நகர்த்திவிட வேண்டும். மூன்றாவது, பதினெட்டு வயதானதும் புதிதாக விண்ணப்பமும் அடையாள ஆவணங்களும் கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும். மூன்று நிதியாண்டு தொடர்ந்து போடாமலும் எடுக்காமலும் விட்டால் கணக்கு முடங்கிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, பாஸ்புக் சேமிக்கச் சொல்லித் தரும், காத்திருக்கச் சொல்லித் தரும். அன்றாடம் பார்த்துச் செலவழிப்பது தனி வித்தை. அதற்கு எங்களுக்குக் கைகொடுப்பது உழவர் சந்தை. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1999-ல் முதல் உழவர் சந்தை வந்ததே இங்கே அண்ணா நகரில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 200 ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்து அவளை முன்னால் விட்டுவிடுவேன். விலைப் பலகையைப் படித்து, தக்காளி விலை ஏறியிருந்தால் அரைக் கிலோவோடு நிறுத்தி, மிச்சத்துக்குக் கீரை வாங்குகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மளிகைக் கடையிலும் பாக்கெட்டைத் திருப்பி ஒரு கிராம் என்ன விலை என்று போட்டிருப்பதைப் பார்க்கப் பழக்கியிருக்கிறேன். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நானே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லாததை இரண்டு முறை அவள்தான் காட்டினாள்.

பேங்கில் தொடங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஸ்டேட் பேங்கில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று 'பெஹ்லி உடான்' கணக்கு பல வருடமாகவே இருக்கிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியும், பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாங்களே கணக்கை நடத்த எல்லா வங்கிகளும் அனுமதிக்கலாம், எவ்வளவு தொகைவரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே நல்லது. ஆனால் கார்டையும் மொபைல் வசதியையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு வருடமாவது சலான் எழுதட்டும். யூ.பி.ஐ. சர்க்கிள் என்று 2024-ல் வந்த வசதியில், பிள்ளை கட்டுகிற ஒவ்வொரு தொகைக்கும் நாம் அனுமதி கொடுக்கிற மாதிரி வைக்கலாம். பதினைந்து பதினாறு வயதில் டியூஷன், பஸ் என்று தனியாகப் போய்வரும்போது அது தேவைப்படும். பதினொரு வயதுக்கு அவசரமில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதம் பிறந்து 10-ஆம் தேதிக்குள் வருகிற ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், முதல் மாத வட்டியும் விட்டுப்போகாது. கூட்டம் இருந்தால் நிற்கட்டும், போனைக் கையில் கொடுக்காதீர்கள். சலானை நீங்கள் பிடுங்கி எழுதிவிடாதீர்கள், தப்பாக எழுதினால் இன்னொன்று கேட்டு வாங்கட்டும். என் சின்னவனுக்குப் பிப்ரவரியில் பத்து முடிகிறது. கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் இப்போதே அவன் கையெழுத்துதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "சுழிக்காதே, நேரா எழுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.