கடலூர்ப் பெற்றோர் கவனத்துக்கு: நடக்காத நுழைவுத் தேர்வுக்கும் ஃபீஸ் வாங்குகிறார்கள்

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர். ‘ஆல் என்ட்ரன்ஸ் பேக்கேஜ்’ என்று பிளஸ் டூ பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை.

என் அக்கா மகளுக்கு அக்ரி படிக்க ஆசை. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வைத்திருக்கிற குடும்பம், அந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. அக்காவும் மாமாவும் போய் விசாரித்தபோது, “அக்ரிக்கும் என்ட்ரன்ஸ் இருக்கு சார். தனி பேட்ச் போட்டுடலாம். நீட், ஜேஇஇ, கியூட், ஜிப்மர் எல்லாம் சேர்த்து 85,000 தான்” என்று அங்கிருந்த அம்மா சொல்லியிருக்கிறார். முதல் தவணை அன்றைக்கே வாங்கிவிட்டார்கள். நான் அந்த பிரவுச்சரைப் பார்த்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, அப்புறம் கலந்தாய்வு, அவ்வளவுதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அக்ரி அப்படித்தான். பொறியியலுக்குக்கூட 2007-இலேயே நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆப் போடுகிறார்கள். ஆக, அக்ரி என்ட்ரன்ஸ் பேட்ச் என்ற பெயரில் இவர்கள் நடத்தியது பிளஸ் டூ பாடத்தைத்தான். அதைப் பள்ளிக்கூடத்திலேயே சும்மா நடத்துகிறார்கள்.

புதுச்சேரியில் இருக்கிற மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர் கதை இன்னும் மோசம். எம்பிபிஎஸ்ஸுக்கு ஜிப்மர் தனியாகத் தேர்வு நடத்தியது 2019 வரைதான். 2020 முதல் அந்த இடங்களும் நீட் மதிப்பெண்ணில்தான். இவளிடம் ‘ஜிப்மர் ஸ்பெஷல் மெட்டீரியல்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்திருந்தார்கள், ஸ்பைரல் போட்டு, மேலே புது அட்டை. உள்ளே புரட்டினால் ஆங்கிலக் கேள்விகள், லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள். நீட்டில் இருப்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும். பழைய ஜிப்மர் தேர்வின் புத்தகத்தை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஆண்டைக்கூட யாரும் மறைக்கவில்லை.

ஜேஇஇ? பெண் எடுத்திருப்பது தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப். கணிதமே இல்லை. கணிதம் படிக்காத பிள்ளையிடம் பி.டெக்குக்கான ஜேஇஇ பயிற்சிக்குப் பணம் வாங்க ஒரு தைரியம் வேண்டும். என்ஐடி சீட், காரைக்காலிலேயே இருக்கிறது என்று வேறு ஆசை காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பணத்தோடு போனது. உண்மையில் அடி விழுந்தது கியூட்டில், அதாவது மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வில். அக்ரிக்குத் தேசிய அளவில் ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) ஒதுக்கீட்டு இடங்கள் 2023 முதல் கியூட் வழியாக நிரப்பப்படுகின்றன. இவளுக்கு நிஜமாகவே உதவக்கூடிய நுழைவுத் தேர்வு அது ஒன்றுதான். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பிய சென்டர்காரர்களோ எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஆங்கிலம், ஜெனரல் டெஸ்ட் என்று போட்டுவிட்டார்கள்.

திருத்திக்கொள்ள, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) சில நாள் அவகாசம் தருகிறது. திருத்தலாம் என்று உட்கார்ந்தால் லாகின் எங்களிடம் இல்லை. கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டுமே சென்டருடையது, ஓடிபி அங்கேதான் போகிறது. போன் செய்தால், “கடைசி தவணை பாக்கி இருக்கே சார், கட்டிட்டு வாங்க” என்கிறார்கள். அந்த நாள்கள் அப்படியே போய்விட்டன. விண்ணப்பக் கட்டணம் என்று தேர்வுக்கு 5,000 வேறு வாங்கியிருக்கிறார்கள். 2025 நீட்டுக்குப் பொதுப் பிரிவினருக்கே கட்டணம் 1,700 ரூபாய்தான்.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தோடு நிற்கவில்லை, அக்ரிக்கும் பொறியியலுக்கும் உண்டு. இவ்வளவு பேசியவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பேக்கேஜ் விற்காதே!

பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைக் கணக்கிட்டு 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, “அது டெல்லிக்கு சார், இங்க எல்லாம் செல்லாது” என்றார். அப்புறம்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

சென்டர் கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு, அதில் முத்திரைகூட இல்லை. எங்களுக்குக் கைகொடுத்தது மாமாவின் ஜிபே கணக்கும் அந்த பிரவுச்சரும்தான். அங்கே பணம் கட்டியவர்கள் இருந்தால் பிரவுச்சரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘அக்ரி என்ட்ரன்ஸ்’ என்று அச்சிலேயே போட்டிருக்கிறார்கள், மனுவோடு இணைக்க அது வேண்டும்.