திருப்பாதிரிப்புலியூரில் அமுக்கரா வாங்க ஒரு நல்ல நாட்டு மருந்துக் கடை

கடலூரில் அமுக்கராக் கிழங்கு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று யார் கேட்டாலும் நான் கை காட்டுவது ஒரே கடையைத்தான். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய நாட்டு மருந்துக் கடை அது. விளம்பரத்தில் அஸ்வகந்தா என்று வருவது இதேதான், கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடியின் வேர்.

அந்தக் கடையை நான் பாராட்டுவதற்கு முதல் காரணம், கேட்டதும் பொட்டலம் கட்டித் தந்துவிட மாட்டார்கள். தூக்கம் சரியில்லை, அமுக்கரா வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் தராசைத் தொடவே இல்லை. "தைராய்டுக்கு மாத்திரை எதனா சாப்பிடுறியாம்மா? சுகர் இருக்கா? மஞ்சக்காமாலை கிமாலை வந்து போச்சா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற பெண் மாசமாக இருக்கும் தன் மகளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று கேட்டபோது, "அந்தப் பொண்ணுக்கு இது ஆகாது தாயி, அரசு ஆஸ்பத்திரியில சித்தா டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்க" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்லும் கடைக்காரரை இன்றைக்கு எத்தனை இடத்தில் பார்க்க முடியும்?

இந்தக் கேள்விகள் வெறும் பழக்கத்தில் வருபவை அல்ல, ஆராய்ச்சிகளும் இதே இடத்தைத்தான் சுட்டுகின்றன. தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேருக்கு எட்டு வாரம் அமுக்கரா வேர்ச்சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018ல் வந்தது, அதில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச் இறங்கியது, தைராய்டு சுரக்கும் டி4 ஏறியது, அதாவது சுரப்பு கூடியது. அப்படியானால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறிவிடலாம், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர்கள் தொடவே கூடாது. கல்லீரல் விஷயமும் அப்படித்தான்: ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்த ஐந்து பேரைப் பற்றிய கட்டுரை 2020ல் வெளியானது, பிறகு இந்தியாவிலிருந்தும் இதே மாதிரி செய்திகள் வந்தன. அரிதாகத்தான் நடக்கிறது, ஆனால் கல்லீரலில் முன்னமே கோளாறு உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. டென்மார்க் 2023ல் இதை விற்கவே தடை போட்டுவிட்டது.

இதைச் சொல்வதால் அமுக்கராவில் சரக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2012ல் இந்தியாவில் நடந்த ஆய்வில் மன அழுத்தம் இருந்த 64 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 60 நாள் கொடுத்தார்கள். சாறு சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் சுமார் 28 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 8 சதவீதம்தான். தூக்கத்துக்கும் 2019ல் இதே அளவில் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் என்று எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கை தருகிற விஷயம்தான், ஆனாலும் ஆய்வுகள் சின்னவை, இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்துவிடுபவை, பலவற்றில் சாறு கொடுத்ததே அதை விற்கிற கம்பெனி. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. கடைக்கார ஐயாவும் "ஒன்றரை மாசம் சாப்பிடு, அப்புறம் நிறுத்திட்டு வா, பாக்கலாம்" என்றுதான் சொன்னார்.

இனி சரக்குக்கு வருகிறேன். கிழங்கு சுண்டுவிரல் கனத்தில், வெளியே வெளிறிய பழுப்பாக இருந்தது. ஐயா ஒன்றை எடுத்து என் முன்னாலேயே ஒடித்தார், பட்டென்று உடைந்தது, உள்ளே மாவு மாதிரி வெள்ளை, நார் இல்லை, பூச்சி அரித்த தூள் இல்லை. முகர்ந்தால் குதிரைலாயத்து நெடி லேசாக அடித்தது, அந்த நெடி இல்லாத கிழங்கு பழசு என்றார். வீட்டில் சட்டியில் பாலை ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் கிழங்கை வைத்து, புட்டவியலாக ஆவியில் அவித்துக் காயவைத்து இடிக்க வேண்டும் என்று பக்குவத்தையும் சொல்லித் தந்தார். நேரமில்லை என்றால் இப்படிச் சுத்தம் செய்து அரைத்த பொடியும் அங்கேயே உண்டு. நூறு கிராம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இதற்கு முன்னால் என் தம்பி ஆப்பில் ஒரு கேப்சூல் டப்பா வாங்கியிருந்தான், விலை இதைப்போல் பல மடங்கு. டப்பா முழுக்கச் சிங்கம்போல் உடம்பு காட்டும் ஆள் படம், ஆனால் உள்ளே இருப்பது வேரா இலையா என்று எங்கேயும் எழுதவில்லை. எனக்கு இதில் கோபமே வந்தது. இலையில் விதாஃபெரின் ஏ என்ற வேதிப்பொருள் வேரைவிட அதிகம், செல்களைக் கொல்லும் தன்மை கொண்டது. இலையைச் சேர்க்காதீர்கள் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021ல் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கண்ணால் பார்த்து ஒடித்து வாங்கும் கிழங்கில் இந்தச் சந்தேகமே வராது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய சாறு, நாம் வாங்குவது வெறும் பொடி, அந்த எண்களை அப்படியே இதற்குப் பொருத்தக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அங்கே விற்கும் அமுக்கரா சூரணத்தைக் கேட்டு வாங்காதீர்கள். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு, இதுதான் பழைய கணக்கு. பாதிக்குப் பாதி சர்க்கரை. ஐயா சுகர் இருக்கா என்று கேட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

குறை இல்லாமல் இல்லை. பொடிப் பொட்டலத்தில் அரைத்த தேதி எழுதுவதில்லை, மழைக்காலத்தில் கடலூர் ஈரக்காற்றுக்குப் பொடி சீக்கிரம் கட்டி தட்டிவிடும், அதனால் தேதி அவசியம். சொன்னேன், எழுதச் சொல்கிறேன் என்றார். கேட்டால்தான் பில் தருகிறார்கள். பிரதோஷத்தன்று தெருவே அடைத்துக்கொள்ளும், அன்றைக்குப் போனால் அவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது, வேறொரு நாள் காலையில் கடை திறந்ததும் போங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் வாங்கிப் படித்துப் பார்ப்பார்.