இரண்டரை வருடம், மூன்று தாழ்ப்பாள்

தேவகோட்டையில் இருக்கும் சித்தி மகள் நேற்று ராத்திரி போன் செய்தாள். கோடை விடுமுறையில் காரைக்குடிக்குக் குடி வருகிறார்களாம். "அக்கா, ஒம் மக படிக்கிற பள்ளிக்கூடத்துலயே எம் பிள்ளையையும் ஆறாவது சேத்துரவா? மறைக்காமச் சொல்லு" என்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் பத்து நிமிடம் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நேற்று "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவள் திகைத்துப் போனாள். போன மாதக் கல்யாண வீட்டில் அந்தப் பள்ளியைப் பற்றி நான் பேசிய பேச்சு அப்படி. காரணம் சொல்லாமல் போனை வைத்தது காலையிலிருந்து உறுத்துகிறது. அதனால் அவளுக்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

மகள் 2023 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது எட்டாவது. ஊருக்குள்ளேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சின்ன அரசு நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை எல்லாம் சேர்த்து 150 பிள்ளைகள் தேறாது. அவள் வகுப்பில் 17 பேர். அழகப்பர் 1947-இல் கல்லூரி தொடங்கிய ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே கல்வி ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "வேன் வர்ற பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அங்கயா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இலவசப் புத்தகம், சீருடை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன். ஆறாம் வகுப்பிலேயே மாற்றியதற்கு ஒரு கணக்கும் இருந்தது. மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய், இரண்டுமே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. ஏழாவதில் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பிறகு கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கணக்கு டீச்சர் ஒருவர் போதும். கணக்கில் வரும் சமச்சீர் (symmetry) பாடம் நடத்த அவர் கரும்பலகைக்கே போகவில்லை. பள்ளிக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய செட்டியார் வீடு. காவலுக்கு இருக்கும் ஆச்சியிடம் கேட்டு, 17 பேரையும் வளவு முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார வைத்திருக்கிறார். ஒரு பூவை நான்கு கல் சேர்ந்துதான் முழுமையாக்குகிறது, எந்தக் கல்லைத் திருப்பினால் பூ கெடும் என்று கண்டுபிடிக்கச் சொன்னாராம். அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுத் தரையை ரொம்பக் கேவலமாகப் பார்த்தாள். மொசைக். அதில் சமச்சீர் கிடையாதாம். 40 பேர் இருக்கும் வகுப்பை அப்படிச் சாலையைக் கடந்து கூட்டிப்போக முடியுமா? எட்டாவது படிக்கிறவர்களுக்கு என்.எம்.எம்.எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வுக்குச் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கென்று ஒரு பைசா வாங்குவதில்லை.

சரி, இப்போது தாழ்ப்பாள்.

ஆறாம் வகுப்பில் முதல் இரண்டு மாதம் நான் கவனிக்கவே இல்லை. காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. பள்ளியிலேயே தண்ணீர் பிடித்துக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல், அடிவயிற்று வலி. டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா பாப்பா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பெரிய பெண்பிள்ளைகள் போகும் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடித்து நிற்பவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டால் அவ்வளவுதான். அதற்கு, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்பது இவர்கள் கண்டுபிடித்த வழி. கழிப்பறை சுத்தமாக இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீர் வருகிறது, வாளி இருக்கிறது. தாழ்ப்பாள்தான் இல்லை.

தலைமை ஆசிரியரிடம் போனேன். நல்ல மனிதர். 150 பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அப்பா என்ன வேலை, அப்பத்தாவுக்கு உடம்பு எப்படி என்பது வரை தெரியும். ஓர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். அந்த அலுவலகத்தில் கேட்டால் கட்டட வேலை எங்களுடையது இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் மதிப்பீடு போட வேண்டும் என்றார்கள். ஒரு தாழ்ப்பாளுக்கு மதிப்பீடு! பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கும் குழு அது, பாதிப் பேர் பெண்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம், செயலியில் ஏற்றினோம். அடுத்த கூட்டத்தில் அதையே மறுபடியும் போட்டோம்.

முதல் தாழ்ப்பாள் என் வீட்டுக்காரர் கைக்காசில் மாட்டியது. மூன்று வாரத்தில் ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது. இரண்டாவது, இன்னும் நீள ஸ்க்ரூ போட்டது, தீபாவளி வரை தாங்கியது.

மூன்றாவதுக்கு நானே கிளம்பினேன். முனீஸ்வரன் கோயில் தெரு தெரியும்தானே, இடித்த வீடுகளின் சாமான் எல்லாம் விற்பார்களே, அங்கே. ஒவ்வொரு கடை வாசலிலும் பர்மாத் தேக்குக் கதவும் முழங்கை நீளத்துக்குப் பித்தளைத் தாழ்ப்பாளும் கிடக்கின்றன. நூறு வருடம் முன்னால் ஒரு பெட்டியறைக் கதவுக்கு அப்படி ஒரு காவல் வைத்த ஊர் இது. ஒரு கடைக்காரர் எந்தக் கதவுக்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை.

"என்ன கதவு ஆத்தா, மரமா, பிவிசியா?"

"பிவிசிதாண்ணே."

"அது உள்ள வெறும் பொந்து. ஸ்க்ரூ எங்க கடிக்கும்? ஓட்டையை அந்தப் பக்கம் வரைக்கும் போட்டு, போல்ட்டை விட்டு, வாஷர் வச்சு நட்டு முடுக்கச் சொல்லு. தாழ்ப்பாளும் இங்க வாங்காத, ஹார்டுவேர் கடையில சாதாரணமாப் போதும்."

விற்கிறவரே வாங்காதே என்று சொன்னது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல். அவர் சொன்ன மாதிரியே செய்தோம். ஒரு வருடத்துக்கு மேல் அசையவில்லை. பாட்டில் காலியாக வந்தது. அந்த ஒரு வருடத்தில்தான் நான் இந்தப் பள்ளியைப் பற்றிக் கண்ட இடத்திலெல்லாம் பெருமை பேசியது, கல்யாண வீட்டுப் பேச்சு உட்பட.

இடையில் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். மகள் சேர்ந்த அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. ஒரே வளாகம், ஒரே பொங்கல் வாசனை, ஆறாவதுக்குக் கிடையாது. மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. காலையில் வீட்டில் நன்றாகச் சாப்பிட வைத்து அனுப்பு. இதற்கு மேல் இதில் எனக்குக் கோபம் இல்லை, கோபம் முழுக்க வேறிடத்தில் செலவாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் பாட்டில் நிறைந்து வந்தது. என்னடி என்றேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, கதவு நிலை பெயர்ந்து வந்துவிட்டது என்றாள். இன்று காலை போய்ப் பார்த்தேன். கதவு போல்ட்டை விடவில்லை, போல்ட் தாழ்ப்பாளை விடவில்லை, நிலைதான் சுவரை விட்டுவிட்டது. கடைக்காரர் சொன்ன நட்டு மட்டும் இறுக்கமாக இருந்தது. கணக்கு டீச்சர் அங்கே வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர், பெரிய பிள்ளைகளை இடைவேளையில் ஆசிரியர் கழிப்பறைக்கு அனுப்புகிறேன், சாவி என்னிடம் இருக்கும் என்றார். செய்வார், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை ஒவ்வொரு முறையும் டீச்சரிடம் போய்ச் சாவி கேட்பாளா? என் மகள் கேட்க மாட்டாள். உன் மகள் கேட்பாளா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இங்கே எட்டாவதோடு முடிந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள், ஒன்பதாவதுக்கு மறுபடியும் அலைய வேண்டும். வேறு பள்ளி பார்க்கப் போனாலும் கணினி அறையை அப்புறம் பார், முதலில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார். நான் சேர்க்கும்போது அதைச் செய்யவில்லை.

இன்றைக்குக் கேட்டால் என் பதில் வேண்டாம்தான். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, நிலைக்குச் சிமென்ட் பூச ஒரு கொத்தனாரையும் பேசி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒரு போன் போடு.